கில்பர்ட் வைட்

கில்பர்ட் வைட் (ஜூலை 18, 1720 – ஜூன் 26, 1793) இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்கையியலாளரும் பறவையியலாளரும் ஆங்கிலிக்கன் திருச்சபைக் குருவும் ஆவார். ஹாம்ப்சயர் மாவட்டத்திலுள்ள செல்போர்ன் என்னும் சிற்றூரில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த இவர், அவ்வூரின் காடு, மேடு, வயல், குளம், பாதை ஆகியவற்றில் நாள்தோறும் நடந்து, அங்கு வாழ்ந்த உயிரினங்களை உயிருள்ள நிலையில் கவனித்துப் பதிவு செய்தார். இவர் எழுதிய செல்போர்னின் இயற்கை வரலாறும் தொன்மைகளும் என்ற நூல் 1789ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. ஒரே ஓர் ஊரின் இயற்கையை அவ்வூரார் ஒருவரே நெடுங்காலம் கவனித்து எழுதும் மரபுக்கு இந்நூல் முன்னோடியாகக் கொள்ளப்படுகின்றது. இங்கிலாந்தின் சிற்றூர்களில் பின்னாளில் தோன்றிய இயற்கை நடைகளுக்கும் உள்ளூர்ப் பாதுகாப்பு முயற்சிகளுக்கும் வைட்டின் எடுத்துக்காட்டு தூண்டுதலாக அமைந்தது.

பிறப்பும் கல்வியும்

கில்பர்ட் வைட் செல்போர்ன் குருமனையில் பிறந்தார். அப்போது அவ்வூரின் பங்குக் குருவாக இருந்தவர் இவருடைய பாட்டனார். அவருடைய பெயரும் கில்பர்ட் வைட் என்பதே. பேரன் பங்குக் குருவாக இருந்தார் எனச் சிலர் பிழையாகக் கருதுவதற்கு இந்தப் பெயர் ஒற்றுமையும் ஒரு காரணம். தந்தை ஜான் வைட் சட்டம் பயின்றவர். தாயார் பெயர் ஆன் ஹோல்ட். உயிர் பிழைத்து வளர்ந்த பிள்ளைகளுள் கில்பர்ட் மூத்தவர். பாட்டனார் 1728இல் இறந்த பின்னர் குடும்பம் குருமனைக்கு எதிரே இருந்த வேக்ஸ் என்ற வீட்டில் குடியேறியது. வைட்டின் பெயருடன் இன்றும் இணைத்துப் பேசப்படுவது இந்த வீடே.

பேசிங்ஸ்டோக் நகரில் தாமஸ் வார்ட்டன் என்ற குருவிடம் பாடம் கற்ற வைட், பின்னர் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் ஓரியல் கல்லூரியில் பயின்று 1743இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டில் கவிஞர் அலெக்சாண்டர் போப், தாம் மொழிபெயர்த்த இலியட் காப்பியத்தின் படி ஒன்றை இவருக்குப் பரிசளித்தார். வைட் 1744இல் ஓரியல் கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு அப்பொறுப்பை இறுதிவரை வைத்திருந்தார். திருமணம் செய்துகொண்டால் இப்பொறுப்பை இழக்க நேரிடும் என்பது அக்காலக் கல்லூரி விதி. வைட் திருமணம் செய்துகொள்ளவில்லை.

திருச்சபைப் பணி

வைட் 1749இல் முழுமையான குருத்துவத் திருநிலை பெற்றார். அதன் பின்னர் பல சிற்றூர்களில் துணைக் குருவாகப் பணிபுரிந்தார். அண்டை ஊரான ஃபாரிங்டனில் 1761 முதல் 1784 வரை இப்பணியில் இருந்தார். செல்போர்னிலும் நான்கு முறை துணைக் குருவாக இருந்துள்ளார். நான்காம் முறை 1784இல் ஏற்ற பொறுப்பு அவருடைய இறப்பு வரை நீடித்தது.

செல்போர்னின் நிலையான பங்குக் குருவாக அவர் ஒருபோதும் ஆகவில்லை. அப்பதவிக்கு ஆளை நியமிக்கும் உரிமை மக்டலீன் கல்லூரியிடம் இருந்தது. ஓரியல் கல்லூரியைச் சேர்ந்த வைட்டுக்கு அது கிடைக்கும் வாய்ப்பு இல்லை. வேறு ஊர்களில் வருவாய் மிகுந்த பதவிகளை ஏற்று இடம்பெயர்வதை விட, குறைந்த வருவாயுடன் பிறந்த ஊரிலேயே தங்குவதை அவர் தேர்ந்துகொண்டார். தந்தை 1758இல் இறந்த பின்னர் வேக்ஸ் வீட்டில் நிலையாகத் தங்கினார். 1763இல் அவ்வீடு இவருக்கு உரிமையாயிற்று. ஓரூரில் தங்கியதன் பயன் அவருடைய நூலில் தெரிகின்றது. இருபது, முப்பது ஆண்டுகள் தொடர்ந்து ஒரே மரத்தையும் ஒரே கூரையையும் பார்க்கும் வாய்ப்பு, இடம் மாறிக்கொண்டிருந்த அறிஞர்களுக்குக் கிடைக்கவில்லை.

செல்போர்ன் ஊர்

செல்போர்ன், இலண்டனிலிருந்து ஏறத்தாழ 50 மைல் தென்மேற்கே, ஆல்ட்டன், பீட்டர்சுபீல்டு ஆகிய நகரங்களுக்கு இடையில் உள்ளது. ஊரின் தென்மேற்கில் சீமைச் சுண்ணாம்பாலான குன்று ஒன்று சுமார் 300 அடி உயரத்துக்கு எழுகின்றது. அதன் செங்குத்தான சரிவு முழுவதும் பீச் மரங்கள் அடர்ந்த காடாகும். இத்தகைய சரிவுக்காடுகளை அப்பகுதி மக்கள் ஹேங்கர் என அழைப்பர். குன்றின் மேல் ஊராரின் பொது மேய்ச்சல் நிலம் உண்டு. கிழக்கே மண்ணின் தன்மை மாறி, மணலும் புதர்ச்செடியும் நிறைந்த வுல்மர் காடு தொடங்குகின்றது. ஒரு சிற்றூரின் எல்லைக்குள் இத்தனை வகை நிலங்கள் அமைந்தமையால் உயிரினங்களும் பலவகையாக இருந்தன.

ஆல்ட்டனுக்கும் வுல்மர் காட்டுக்கும் செல்லும் வழிகள் வண்டிச் சக்கரங்களாலும் ஓடும் நீராலும் காலப்போக்கில் அரிக்கப்பட்டு, சில இடங்களில் சுற்றியுள்ள வயல்களின் மட்டத்துக்குக் கீழே 16 முதல் 18 அடி ஆழத்தில் கிடந்தன. வைட் தம் பங்கில் 136 குடும்பங்களும் 676 மக்களும் இருந்ததாகக் கணக்கிட்டு எழுதியுள்ளார். பறவைகளைக் கணக்கெடுத்தவர் மனிதரையும் அதே கவனத்துடன் கணக்கெடுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

மலைப்பாதைகள்

சரிவுக்காடு ஊரை ஒட்டியே இருந்தபோதும் அதன் செங்குத்தான தன்மையால் எளிதில் ஏறக்கூடியதாக இருக்கவில்லை. 1753இல் வைட்டும் அவருடைய தம்பி ஜானும் சேர்ந்து, குன்றின் அடியிலிருந்து உச்சி வரை வளைந்து வளைந்து செல்லும் பாதை ஒன்றை வெட்டுவித்தனர். இது கோணல்மாணலான அதன் வடிவத்தால் சிக்சாக் எனப் பெயர் பெற்றது. 1780இல் சரிவுக்குக் குறுக்கே சீராக ஏறிச்செல்லும் போஸ்டல் என்ற இரண்டாம் பாதை வெட்டப்பட்டது. இது முதற்பாதையை விட ஏறுவதற்கு எளிதானது.

குன்றின் மேல் கூரை வேய்ந்த சிறு குடில் ஒன்றும் அமைக்கப்பட்டிருந்தது. 1763 கோடையில் செல்போர்னுக்கு விருந்தினராக வந்த இளம்பெண்களுடனும் உறவினருடனும் வைட் குடும்பத்தார் அங்கு ஏறிச் சென்று தேநீர் அருந்தினர். வைட்டின் தம்பி ஹென்றி துறவி போல் வேடமிட்டு அக்குடிலில் அமர்ந்து விருந்தினரை மகிழ்வித்ததும் உண்டு. வைட் வெட்டுவித்த இரு பாதைகளும் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

நாட்குறிப்புகள்

வைட்டின் இயற்கை ஆர்வம் தோட்டக் கலையிலிருந்து தொடங்கியது. 1751இல் தோட்டக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கி, விதைத்த நாள், முளைத்த நாள், பறித்த நாள் ஆகியவற்றை எழுதிவந்தார். 1766இல் செல்போர்னின் செடிகொடிகள் பூக்கும் காலத்தை ஓராண்டு முழுவதும் பதிவு செய்தார். பின்னர் வழக்கறிஞரும் இயற்கை ஆர்வலருமான டெயின்ஸ் பாரிங்டன் அச்சிட்டுத் தந்த கட்டமிட்ட குறிப்பேட்டில் 1768 முதல் தம் இறுதி நாட்கள் வரை எழுதினார். வெப்பநிலை, காற்றின் திசை, மழை, முதலில் பூத்த செடி, முதலில் வந்த பறவை, கடைசியாகக் காணப்பட்ட பறவை முதலியவை இக்குறிப்பேட்டின் பகுதிகள்.

மழை அளவையும் வைட் 1779 முதல் தொடர்ந்து அளந்தார். வெளியூர் செல்ல நேர்ந்தால் அவருடைய பணியாளரும் தோட்டக்காரருமான தாமஸ் ஹோர் அப்பணியைத் தொடர்ந்தார். 1783 கோடையில் ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலைக் குழம்புப் பீறலால் ஐரோப்பா முழுவதும் பரவிய புகைமூட்டமும் இக்குறிப்புகளில் இடம்பெற்றுள்ளது. 1784 டிசம்பரில் கடுங்குளிர் நிலவியபோது, பள்ளத்தில் இருந்த தம் வீட்டை விடக் குன்றின் மேலிருந்த அண்டை ஊரில் குளிர் குறைவாக இருந்ததாக வைட் அறிந்தார். உயரமான இடமே குளிர் மிக்கது என எண்ணியிருந்த அவர், அங்கிருந்த வெப்பமானியில் பிழை இருக்கலாம் எனக் கருதித் தம்முடைய வெப்பமானி ஒன்றை அனுப்பிச் சோதித்தார். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. கடுங்குளிர் இரவுகளில் குளிர்காற்று பள்ளங்களில் தங்கும் என்ற உண்மை இதனால் அவருக்குப் புலப்பட்டது.

பருவ மாற்றங்களுக்கும் உயிரினங்களின் செயல்களுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறைக்கு இத்தகைய நீண்டகாலக் குறிப்புகள் அடிப்படையாகும். காலநிலை மாற்றத்தால் பறவைகளின் வருகையும் மரங்கள் துளிர்ப்பதும் எவ்வாறு முன்தள்ளிப் போகின்றன என்பதை அறிய, நிலையான ஓரிடத்தின் பழைய குறிப்புகள் இன்று தேவைப்படுகின்றன.

ஊராரும் வைட்டும்

செய்திகள் பலவற்றை வைட் ஊராரிடமிருந்தே பெற்றார். உழவர்கள், கூரை வேய்பவர்கள், மரம் வெட்டுபவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், பள்ளிச் சிறுவர்கள் எனப் பலரும் தாம் கண்டவற்றை அவரிடம் கூறினர்; கிடைத்தவற்றைக் கொண்டுவந்து கொடுத்தனர். ஆயினும் கேட்டதை அப்படியே ஏற்பது அவர் வழக்கமன்று.

பக்கி என்னும் இராப்பறவை இளங்கன்றுகளைத் தாக்கி நோய் உண்டாக்குகின்றது என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. அந்நோய்க்குக் காரணம் மாட்டின் முதுகுத்தோலில் வளரும் ஒருவகை ஈயின் புழு என்பதையும், பக்கி பூச்சிகளைத் தின்று வாழும் தீங்கற்ற பறவை என்பதையும் வைட் எடுத்துக்காட்டினார். அறிஞர் கூற்றாயினும் அவர் இதே முறையில் சோதித்தார். குயில் அடைகாக்காமைக்கு அதன் இரைப்பை அமைந்த முறையே காரணம் எனப் பிரெஞ்சு அறிஞர் ஒருவர் கூறியிருந்தார். வைட் பக்கியை அறுத்துப் பார்த்தபோது அதன் இரைப்பையும் அவ்வாறே அமைந்திருக்கக் கண்டார். பக்கி தன் முட்டைகளைத் தானே அடைகாப்பதால் அக்கூற்று பொருந்தாது என முடிவு செய்தார்.

ஏழைகளின் வாழ்க்கையும் அவருடைய கவனத்துக்கு உரியதாக இருந்தது. கோரைத் தண்டின் தோலை உரித்து உலர்த்தி, கொழுப்பில் தோய்த்துச் செய்யும் விளக்குத் திரியைப் பற்றித் தனிக் கடிதமே எழுதியுள்ளார். ஒரு பவுண்டு எடையுள்ள உலர்ந்த கோரையில் 1,600 தண்டுகள் இருப்பதை எண்ணிக் கண்டு, ஒரு ஃபார்தின் செலவில், அதாவது கால் பென்னிக்கு, ஐந்தரை மணி நேர வெளிச்சம் பெறலாம் எனக் கணக்கிட்டுக் காட்டினார். மெழுகுவத்தி வாங்கிக் கூடுதலாகச் செலவழிக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு இது பயன்பட வேண்டும் என்பது அவர் நோக்கம்.

கண்டறிந்தவை

அக்கால இயற்கை ஆய்வு பெரும்பாலும் இறந்த உயிரினங்களின் தோலையும் எலும்பையும் கொண்டு நடந்தது. வைட்டும் தம் காலத்து வழக்கப்படி பறவைகளைச் சுட்டு ஆராய்ந்தவரே. எனினும் உயிரினத்தின் குரல், நடத்தை, உணவு, கூடு ஆகியவற்றை அறிவதே அதை முழுமையாக அறிவது என அவர் கருதினார். அவர் கண்டறிந்தவற்றுள் சில வருமாறு.

* ஒன்றுபோலத் தோன்றும் மூன்று சிறு இலைக் கதிர்க்குருவிகளை அவற்றின் பாட்டைக் கொண்டு தெளிவாக வேறுபடுத்தினார். அவை இன்று சிஃப்சாஃப், வில்லோ கதிர்க்குருவி, மரக் கதிர்க்குருவி எனத் தனித்தனி இனங்களாக அறியப்படுகின்றன.
* அறுவடைச் சுண்டெலியை முதன்முதலில் இங்கிலாந்தில் கண்டறிந்து விவரித்தார். கோதுமைத் தாள்களைப் பின்னி அமைக்கப்பட்ட அதன் கூடு பந்து போல் உருண்டையாக இருந்தது. அதனுள் எட்டுக் குஞ்சுகள் இருந்தன. முழுவளர்ச்சி பெற்ற இரு எலிகளைத் தராசில் இட்டபோது அவை ஓர் அரைப் பென்னிச் செப்புக் காசின் எடையே இருந்தன.
* மிக உயரத்தில் பறக்கும் பெரிய வௌவால் ஒன்றைத் தனி இனமாக உணர்ந்தார். இது இன்று நாக்டியூல் வௌவால் எனப்படுகின்றது.
* உழவாரன் குருவிகள் பறந்தவாறே இணைசேர்வதை எழுதினார். செல்போர்னில் ஆண்டுதோறும் எட்டு இணைகள் இருப்பதையும் அவற்றுள் ஏறத்தாழப் பாதி தேவாலயத்தில் தங்குவதையும் எண்ணிக் கண்டார்.
* தேவாலயக் கூரையில் குஞ்சு பொரித்த கூகை இணையைக் கடிகாரத்துடன் கவனித்து, ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவற்றுள் ஒன்று இரையுடன் திரும்புவதைக் கண்டார்.
* வெப்பமான நாட்களில் மாடுகள் வுல்மர் குளத்தின் நீரில் நிற்பதையும், அவற்றின் சாணத்தில் பூச்சிகள் பெருகுவதையும், அப்பூச்சிகளால் மீன்கள் உணவு பெறுவதையும் ஒரே தொடராக விளக்கினார்.

மண்புழுவைப் பற்றி 1777இல் அவர் எழுதிய கடிதம் சிறப்பாகக் குறிப்பிடப்படும். மண்புழுக்கள் மண்ணைத் துளைத்துத் தளர்த்தி, மழைநீரும் வேர்களும் உட்செல்ல வழிசெய்து, இலைகளையும் தாள்களையும் மண்ணுக்குள் இழுத்துச் செல்கின்றன எனவும், அவை இல்லாவிடில் நிலம் இறுகி வளமிழக்கும் எனவும் அதில் கூறினார். தோட்டக்காரரும் உழவரும் மண்புழுவைப் பகையாகக் கருதிய காலம் அது. சார்லஸ் டார்வின் மண்புழு பற்றிய தம் நூலை 1881இல், நூறாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே, வெளியிட்டார்.

வயல் சிள்வண்டு, வீட்டுச் சிள்வண்டு, பிள்ளைப்பூச்சி ஆகிய மூன்றைப் பற்றியும் தனித்தனிக் கடிதங்கள் எழுதினார். வளையிலுள்ள சிள்வண்டை மண்வெட்டியால் தோண்டினால் அது நசுங்கிவிடும் என்றும், வளையும் புல் தண்டு ஒன்றை மெதுவாக உள்ளே செலுத்தினால் அது தானே வெளிவந்துவிடும் என்றும் கூறினார். அறிந்துகொள்ளும் ஆவலும் நிறைவேற வேண்டும், உயிருக்கும் ஊறு நேரக்கூடாது என்பது அவர் கருத்து. சிள்வண்டுகள் சிலவற்றைத் தம் தோட்டத்துப் புல்மேட்டில் குடியேற்றவும் முயன்றார். அவை சிலகாலம் தங்கிப் பாடி, பின்னர் சிறிது சிறிதாக அகன்றுவிட்டன.

சசெக்ஸ் மாவட்டத்தில் வாழ்ந்த அத்தை ஒருவர் வளர்த்த நில ஆமை, 1780இல் அவர் இறந்த பின்னர் வைட்டிடம் வந்தது. மண் நிரப்பிய பெட்டியில் வைத்து 80 மைல் தொலைவு வண்டியில் கொண்டுவரப்பட்ட இந்த ஆமையின் உறக்கம், உணவு, மழைக்கு அஞ்சும் இயல்பு ஆகியவற்றை அவர் பல்லாண்டுகள் குறித்துவந்தார். திமோத்தி என ஆண்பெயரால் அழைக்கப்பட்ட அது பெண் ஆமை என்பது பின்னரே தெரியவந்தது. அதன் ஓடு இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

தகைவிலான் குருவிகள் பற்றிய ஐயம்

தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் எங்கே செல்கின்றன என்ற வினா வைட்டை வாழ்நாள் முழுவதும் விடாது தொடர்ந்தது. அவை நீருக்கடியிலோ பொந்துகளிலோ உறங்குவதாக அக்காலத்தில் பலர் நம்பினர். ஜிப்ரால்ட்டரில் படைத்துறைக் குருவாக இருந்த தம்பி ஜான், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பறவைகள் கடலைக் கடந்து செல்வதைக் கண்டு வைட்டுக்கு எழுதினார். இதனால் பல பறவைகள் வலசை போகின்றன என்பதை வைட் ஏற்றார். ஆயினும் பருவம் கடந்த நாட்களிலும் சில குருவிகள் செல்போர்னில் திடீரெனத் தோன்றியமையால், சிலவேனும் இங்கேயே மறைந்து உறங்கக்கூடும் என்ற ஐயம் அவரை விட்டு நீங்கவில்லை. 1781 வசந்தத்தில் ஆட்களைக் கொண்டு சரிவுக்காட்டின் ஒரு பகுதியில் புதர்களையும் பொந்துகளையும் தேடிப் பார்த்தார். குருவி ஒன்றும் கிடைக்கவில்லை. இவ்வினாவில் அவருடைய ஐயம் பிழையானதே. ஆனால் தம் கருத்துக்குச் சான்று கிடைக்காததையும் அவர் மறைக்காமல் எழுதிவைத்தார்.

தகைவிலான் குடும்பப் பறவைகளையும் உழவாரனையும் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் 1774, 1775ஆம் ஆண்டுகளில் இலண்டன் அரச கழகத்தில் படிக்கப்பட்டன.

அழிவு குறித்த பதிவுகள்

இயற்கைப் பாதுகாப்பு என்ற கருத்து இன்றைய பொருளில் வைட்டின் காலத்தில் உருவாகியிருக்கவில்லை. எனினும் ஊரில் எவை அழிந்தன, எவ்வாறு அழிந்தன என்பதை அவர் கவனமாகப் பதிவு செய்தார். வுல்மர் காட்டில் முன்பு மிகுதியாக இருந்த கருங்காட்டுக்கோழிகள் அவருடைய காலத்துக்குள் சுடப்பட்டு அற்றுப்போயின. ஆன் அரசியார் அவ்வழியே சென்றபோது 500 அளவில் இருந்ததாகக் கூறப்பட்ட செம்மான் கூட்டம், திருட்டு வேட்டையால் ஐம்பதளவாகக் குறைந்தது. எஞ்சியவற்றைக் கம்பர்லாந்துக் கோமகன் பிடித்து விண்சருக்குக் கொண்டுசெல்லச் செய்தார். சட்டம் தடை செய்திருந்தும் வசந்த காலத்தில் புதர்க்காட்டுக்கு மக்கள் தீ வைப்பதையும், அத்தீ மண்ணுக்குள் இறங்கி வேர்களையும் கருக்கிவிடுவதையும் அவர் எழுதியுள்ளார்.

வைட்டின் தோட்டத்தை அடுத்த நிலத்துக்கு ஒரு கோடையில் கொண்டலாத்தி இணை ஒன்று வந்தது. இங்கிலாந்தில் இது அரிய விருந்தாளி. கூடு கட்டும் எண்ணத்துடன் சில வாரங்கள் உலவிய அப்பறவைகளைச் சிறுவர்கள் ஓயாது துரத்தியமையால் அவை சென்றுவிட்டன. 1780இல் சரிவுக்காட்டின் நடுவே உயர்ந்த பீச் மரத்தில் தேன் பருந்து கூடு கட்டியபோது, துணிவுள்ள சிறுவன் ஒருவன் ஏறி அதிலிருந்த ஒரே முட்டையையும் எடுத்துவந்தான். அந்த முட்டை வைட்டின் கைக்கே வந்தது. அதை அவர் அளந்து விவரித்தார். கவனிப்பதற்கும் அழிப்பதற்கும் இடையே இன்று வரையப்படும் கோடு அக்காலத்தில் இருக்கவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

நூலின் தொடக்கத்தில் கூறப்படும் நிகழ்ச்சி ஒன்று பலராலும் நினைவுகூரப்படுவது. லோசல் என்ற தோப்பிலிருந்த ஓக் மரம் ஒன்றில் ராவன் எனப்படும் பெருங்காக்கைகள் நெடுங்காலம் கூடு கட்டிவந்தன. மரத்தின் நடுவில் இருந்த பெரும் புடைப்பைத் தாண்டி ஏற எந்தச் சிறுவனாலும் இயலவில்லை. பாலம் ஒன்றைப் பழுதுபார்ப்பதற்காக அத்தோப்பின் மரங்கள் வெட்டப்பட்டன. அது பெருங்காக்கை அடைகாக்கும் பிப்ரவரி மாதம். அடிமரத்தில் கோடரி விழுந்தபோதும் தாய்ப்பறவை எழவில்லை. மரம் சாய்ந்தபோது கூட்டிலிருந்து எறியப்பட்டு, கிளைகளால் அடிபட்டு இறந்தது.

நூல்

விலங்கியலாளர் தாமஸ் பென்னன்ட்டுடன் 1767இலும் டெயின்ஸ் பாரிங்டனுடன் 1769இலும் வைட் கடிதத் தொடர்பு கொண்டார். இக்கடிதங்களைத் தொகுத்து நூலாக்கும் எண்ணம் சில ஆண்டுகளில் தோன்றிய போதும், மீண்டும் மீண்டும் சரிபார்க்கும் அவருடைய இயல்பால் நூல் வெளிவரப் பல ஆண்டுகள் ஆயின. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஓவியர் சாமுவேல் ஹிரோனிமஸ் கிரிம் 1776 கோடையில் செல்போர்னில் தங்கி நூலுக்கான படங்களை வரைந்தார். இலண்டனில் நூல் வெளியீட்டாளராக இருந்த தம்பி பெஞ்சமின் வைட் 1788இன் இறுதியில் நூலை வெளியிட்டார். முகப்பில் 1789 என்ற ஆண்டு அச்சிடப்பட்டிருந்தது.

நூலின் இயற்கை வரலாற்றுப் பகுதியில் பென்னன்ட்டுக்கு 44, பாரிங்டனுக்கு 66 என 110 கடிதங்கள் உள்ளன. ஊரின் அமைப்பை விளக்கும் முதல் ஒன்பது கடிதங்கள் அஞ்சலில் அனுப்பப்பட்டவை அல்ல, நூலுக்கென்றே எழுதப்பட்டவை. இந்நூல் 200க்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டுள்ளது. இளமையில் இதைப் படித்த டார்வின் பறவைகளைக் கவனிக்கத் தொடங்கினார். 1857இல் அவர் செல்போர்னுக்கும் சென்றுவந்தார்.

இறப்பு

வைட் தம் இறுதி மாதம் வரை குறிப்பேட்டில் எழுதிவந்தார். 1793 ஜூன் 26 அன்று வேக்ஸ் வீட்டில் காலமானார். செல்போர்ன் தேவாலய வளாகத்தில் அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் இறந்த நாளும் மட்டுமே பொறித்த சிறு கல் ஒன்று அவருடைய கல்லறையில் நடப்பட்டுள்ளது. அவருடைய உருவத்தை முறையாக வரைந்த ஓவியம் ஏதுமில்லை. போப் பரிசளித்த இலியட் படியில் காணப்படும் சிறு கோட்டோவியங்களே அவருடையவை எனக் கருதப்படுகின்றன.

செல்போர்ன் கழகமும் ஊர்ப் பாதுகாப்பும்

வைட்டின் நினைவைப் போற்றும் வகையில் 1885இல் செல்போர்ன் கழகம் தொடங்கப்பட்டது. தொப்பி அலங்காரத்துக்காகப் பறவைகளைக் கொன்று இறகு விற்கும் வாணிகத்தை எதிர்ப்பது, காட்டுப்பூக்களையும் மரங்களையும் அழகிய இடங்களையும் காப்பது ஆகியன இதன் நோக்கங்கள். இதன் கிளைகள் பல ஊர்களில் அமைந்தன. உறுப்பினர்கள் கூட்டாக வயல்வெளிகளிலும் காடுகளிலும் நடந்து செடிகளையும் பறவைகளையும் அறிந்துகொள்ளும் நடைகளை நடத்தினர். இலண்டனின் மேற்கேயுள்ள பெரிவேல் காடு 1902 முதல் இக்கழகத்தின் பொறுப்பில் பறவைகள் புகலிடமாகப் பேணப்பட்டு வருகின்றது.

செல்போர்னிலேயே, வைட் நடந்த சரிவுக்காடும் பொது மேய்ச்சல் நிலமும் 1932இல் மக்டலீன் கல்லூரியால் தேசிய அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டன. வைட்டுக்குப் பங்குக் குருப் பதவியை அளிக்க இயலாதிருந்த அதே கல்லூரி இது. வேக்ஸ் வீடு பொதுமக்களின் நிதியாலும் ராபர்ட் வாசிங்டன் ஓட்சு அளித்த பொருளுதவியாலும் வாங்கப்பட்டு 1955இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இவ்வூர்ப் பகுதி 2010இல் நடைமுறைக்கு வந்த தென் டவுன்ஸ் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அடங்குகின்றது.

2010களில் செல்போர்னைச் சுற்றியுள்ள பண்ணை உழவர்கள் ஒன்றிணைந்து, தம் நிலங்களின் காட்டுயிர்களைக் காப்பதற்கான கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தினர். அவர்கள் தேர்ந்தெடுத்த உயிரினங்களுள் அறுவடைச் சுண்டெலியும் ஒன்று. வயலோரங்களில் வரிசையாக நடந்து அதன் கூடுகளைத் தேடி எண்ணும் பணியில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் ஈடுபட்டனர். அவ்வுயிரினம் இங்கிலாந்தில் முதன்முதலில் விவரிக்கப்பட்ட இடம் அதே வயல்வெளிகளே. வைட்டின் காலத்தில் செல்போர்ன் மேட்டில் இரைச்சலிட்ட வயல் சிள்வண்டோ, 1980களின் இறுதியில் பிரிட்டன் முழுவதிலும் அழிவின் விளிம்பை எட்டியது. பின்னர் அது வளர்த்து, பொருத்தமான இடங்களில் விடப்பட்டது.

செல்போர்னின் இரு மரங்கள்

ஊரின் நடுவிலுள்ள பிளெஸ்டர் என்ற திடலில் முற்காலத்தில் பெரிய ஓக் மரம் ஒன்று நின்றது. முதியோர் அதன் அடியில் அமர்ந்து பேசுவதும் இளையோர் விளையாடுவதும் வழக்கம். 1703இன் பெரும்புயலில் அது வேரோடு சாய்ந்தது. அப்போதைய குரு பெரும்பொருள் செலவிட்டு அதைத் தூக்கி நிறுத்தினார். சிலகாலம் துளிர்விட்ட மரம் பின்னர் பட்டுப்போனது. தாம் பிறப்பதற்கு முன் நிகழ்ந்த இதனை ஊரார் சொல்லக் கேட்டு வைட் தம் நூலில் எழுதினார்.

தேவாலய முற்றத்தில் நின்ற யூ மரத்தின் சுற்றளவு 23 அடி என வைட் அளந்து குறித்திருந்தார். 1990 ஜனவரி 25 அன்று வீசிய புயலில் அதுவும் விழுந்தது. ஊரார் அதன் கிளைகளைக் குறைத்து, அடிமரத்தைத் தூக்கி நிறுத்தி மீண்டும் நட்டனர். அது பிழைக்கவில்லை. அதன் கிளையிலிருந்து வளர்க்கப்பட்ட கன்று ஒன்று அதே வளாகத்தில் நடப்பட்டது.